நீல முட்டை பிறந்த மண்: சிலியின் தெமுக்கோ சந்தையிலிருந்து ஒரு பயணம்

சாந்தியாகோவில் இரவு பஸ் ஏறினால் காலையில் தெமுக்கோவில் இறங்கலாம். சிலி நாட்டின் தலைநகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 680 கிலோமீட்டர். மழைக்குப் பேர்போன ஊர். வானம் தெளிந்த நாளில் கிழக்கே யாய்மா எரிமலை பனித்தொப்பி போட்டுக்கொண்டு நிற்கும். கவிஞர் பாப்லோ நெருடா சிறுவனாக வளர்ந்தது இங்கேதான். அவருடைய அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர்.

நெருடாவைத் தேடி வருகிறவர்கள் ஒருபக்கம் இருக்கட்டும். இந்த ஊருக்கு வேறொரு பெருமை உண்டு. அதைப் பார்க்க ரயில் நிலையத்தை ஒட்டிய ஃபேரியா பிந்தோ சந்தைக்குப் போக வேண்டும்.

கட்டுக்கட்டாகச் சுருட்டி வைத்த கடற்பாசி, மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு, அரவுக்காரியா மரத்தின் நீளநீளமான கொட்டைகள். புகையில் காயவைத்த மிளகாயோடு கொத்தமல்லி விதையும் உப்பும் சேர்த்து இடித்த 'மெர்கேன்' பொடியின் வாசனை மூக்கில் ஏறும். நம்மூர்ப் பொடிக்காரம் பழகிய நாக்குக்கு அது அந்நியமாகத் தோன்றாது. இவற்றுக்கு நடுவே, கிராமத்திலிருந்து வந்த மாப்புச்சே பெண்களின் கூடைகளில் முட்டைகள்.

வானநீலம், கடல்பச்சை, வெளிறிய ஆலிவ் பச்சை, தேநீர்ப் பழுப்பு என்று ஒரே கூடைக்குள் அத்தனை நிறங்கள். எதுவும் சாயம் போட்டதல்ல. கோழி இட்டதே அப்படித்தான். நாமக்கல் வெள்ளை முட்டையும் நாட்டுக்கோழியின் பழுப்பு முட்டையும் மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் நம்பிக்கை வராது.

உடைத்துப் பார்த்தால் உள்ளே வழக்கமான வெள்ளைக்கரு, மஞ்சள் கரு. ருசியில் ஓட்டின் நிறத்துக்குப் பங்கு இல்லை. மஞ்சள் கரு அடர்த்தியான நிறத்தில் இருந்தால் அதற்குக் காரணம் கோழி மேய்ந்த புல்லும் பூச்சியும். நீல முட்டையில் கொலஸ்ட்ரால் குறைவு என்று ஒரு காலத்தில் அமெரிக்காவில் பரபரப்பாகப் பேசினார்கள். சோதித்துப் பார்த்ததில் அப்படி ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டது.

பெண்களின் கைக்காசு

மாப்புச்சே என்றால் அவர்கள் மொழியில் 'மண்ணின் மக்கள்'. ஸ்பானியர்களால் முழுதாக அடக்க முடியாத இனம். 1641-ல் ஸ்பானியர்களே உடன்படிக்கை போட்டு, பியோபியோ ஆற்றுக்குத் தெற்கே அவர்கள் தனித்து வாழ்வதை ஏற்றுக்கொண்டார்கள். ஸ்பெயின் போனபிறகு வந்த சிலி அரசு அப்படி விட்டுவைக்கவில்லை. 1861-ல் தொடங்கி 1883 வரை ராணுவத்தை அனுப்பி நிலத்தைப் பிடித்தது. தெமுக்கோ நகரமே 1881-ல் அந்தப் படையெடுப்பின்போது கட்டிய கோட்டையாகத்தான் பிறந்தது. பிறகு மாப்புச்சே குடும்பங்களுக்குப் பட்டா போட்டுத் திருப்பிக் கொடுத்தது சுமார் 5 லட்சம் ஹெக்டேர்; அவர்களுடைய பழைய நிலப்பரப்பில் ஏறத்தாழ 20-ல் ஒரு பங்கு. அதுவும் தலைமுறை தலைமுறையாகப் பிரிந்து துண்டுதுண்டாகிவிட்டது.

துண்டு நிலத்தில் மாட்டுமந்தை வளர்க்க முடியாது. கோழி வளர்க்கலாம். கோழி அங்கே பெண்களின் பொறுப்பு, முட்டைக்காசு பெண்களின் காசு. நம் கிராமங்களில் பாட்டிமார்களின் சுருக்குப்பையை நிரப்பிய அதே கணக்குதான்.

மாப்புச்சே மொழியில் கோழி 'அச்சாவால்', முட்டை 'குரம்'. உருவத்தை வைத்தும் கோழிகளுக்குப் பெயர்கள் உண்டு. வாலே இல்லாமல் பின்புறம் மொழுக்கென்று இருப்பது 'கொயோங்கா'. காதோரம் இறகுக் குஞ்சம் துருத்திக்கொண்டிருப்பது 'கெத்ரோ'. இறகெல்லாம் சுருண்டு மேல்நோக்கி நிற்பது 'திரிந்த்ரே'. நீலம் அவர்கள் மரபில் புனிதமான நிறம். வானத்தோடும் முன்னோரோடும் சேர்த்துப் பேசப்படுவது. ஆனால் குளிரிலும் மழையிலும் கோழி வளர்க்கிற பெண்ணுக்கு நிறத்தைவிட முக்கியமான சில விஷயங்கள் இருக்கின்றன. கோழி தானே இரை தேட வேண்டும், பருந்துக்குத் தப்ப வேண்டும், அடை படுத்துக் குஞ்சு பொரிக்க வேண்டும்.

'திராஃப்கிந்து' என்றொரு வழக்கமும் இருக்கிறது. அறுவடை விதையையும் நாற்றையும் கோழியையும் காசில்லாமல் கைமாற்றிக்கொள்ளும் பண்டமாற்று. ஒரு வீட்டுச் சேவல் இன்னொரு வீட்டுக்குப் போகும், அங்கிருந்து விதை உருளைக்கிழங்கு வரும். புதுரத்தம் கலப்பதற்கு இதைவிட எளிய ஏற்பாடு வேண்டுமா? கலப்பினம் என்ற சொல்லைக் கேள்விப்படாமலேயே அவர்கள் கலப்பினம் செய்துகொண்டிருந்தார்கள்.

யார் கொண்டுவந்த கோழி?

அமெரிக்கக் கண்டங்களுக்குக் கோழியைக் கொண்டுவந்தது ஸ்பானியர்கள் என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். 2007-ல் ஓர் ஆய்வு அதை அசைத்துப் பார்த்தது. தெமுக்கோவுக்கு வடமேற்கே, அரவுக்கோ தீபகற்பத்தில் எல் அரேனால் என்ற இடத்தில் கிடைத்த கோழி எலும்பு, கொலம்பஸுக்கு முந்தைய 14-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்றது. அப்படியென்றால் பசிபிக் தீவுகளின் பாலினீசியர்கள் படகில் கொண்டுவந்தார்களா? இல்லை என்று மறுத்து அடுத்தடுத்து ஆய்வுகள் வந்தன. சண்டை ஓயவில்லை. சந்தையில் கூடை வைத்திருக்கும் பெண்களைப் பொறுத்தவரை கேள்வியே எழவில்லை. அது அவர்கள் கோழி.

பெயரை வைத்தவர், குஞ்சை இழந்தவர்கள்

1914-ல் ஸ்பெயினிலிருந்து சால்வடோர் காஸ்தெயோ என்ற கோழியியல் பேராசிரியர் சிலிக்கு வந்தார். வாலில்லாத, காதில் குஞ்சம் தொங்கும், நீல முட்டையிடும் கோழியைப் பார்த்து அசந்துபோனார். 1921-ல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் நடந்த முதல் உலகக் கோழியியல் மாநாட்டில், இது தனி உயிரினமாகவே இருக்கலாம் என்று அறிவித்தார். பிறகு அவரே திருத்திக்கொண்டார். அவர் பார்த்தது, ரூபென் புஸ்த்ரோஸ் என்ற சிலி நாட்டுக்காரர் வாலில்லாத கொயோங்காவையும் குஞ்சம் வைத்த கெத்ரோவையும் பலகாலம் கலந்து உருவாக்கிய கோழிகள். எல்லா மாப்புச்சே கோழியும் அப்படி இருக்காது.

திருத்தம் மெதுவாகத்தான் பரவும். படம் வேகமாகப் பரவும். வால் இல்லாத, குஞ்சம் வைத்த அந்த உருவமே 'அரவுக்கானா' என்று உலகம் முழுக்க நிலைத்தது. 'அரவுக்கானோ' என்பது மாப்புச்சே மக்களுக்கு ஸ்பானியர்கள் வைத்த பெயர். அவர்களில் பலருக்கு அது பிடிக்காத பெயர். கோழிக்கு அது ஒட்டிக்கொண்டது.

பெயரோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்தக் குஞ்சத்துக்குப் பின்னால் ஒரு மரணக் கணக்கு இருக்கிறது.

காதுக் குஞ்சத்துக்கான மரபணு, தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ ஒன்று மட்டும் வந்தால் குஞ்சம் முளைக்கும். இரண்டு பேரிடமிருந்தும் வந்துவிட்டால், குஞ்சு ஓட்டுக்குள்ளேயே இறந்துவிடும். அதுவும் அடை வைத்து 17 முதல் 19-ம் நாளுக்குள், பொரிக்க இரண்டு மூன்று நாள் இருக்கும்போது. குஞ்சம் வைத்த சேவலையும் குஞ்சம் வைத்த பெட்டையையும் சேர்த்து 12 முட்டை அடை வைத்தால், சராசரியாக 3 குஞ்சுகள் உயிரோடு வெளியே வரவே முடியாது. மரபணு ஒன்று மட்டும் இருக்கும் குஞ்சுகளிலும் சில தவறும். வாலில்லாமை வேறு இனச்சேர்க்கைக்கு இடைஞ்சல் செய்து, கருக்கூடும் முட்டைகளைக் குறைக்கும்.

இத்தனைக்கும் குஞ்சத்துக்கும் நீல ஓட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. நீல ஓடு கோழிக்கு எந்தக் கெடுதலும் செய்வதில்லை. உயிரைக் கேட்பது கண்காட்சிக்காரர்கள் விரும்பிய தோற்றம் மட்டும்தான். அமெரிக்காவில் 1976-ல் அரவுக்கானாவுக்கு அங்கீகாரம் கொடுத்தபோது வாலும் இருக்கக் கூடாது, குஞ்சமும் வேண்டும் என்று விதித்தார்கள். இதைச் சகிக்க முடியாதவர்கள், வாலோடும் தாடி இறகோடும், குஞ்சம் இல்லாமல், அதே நீல முட்டையிடும் 'அமெரக்கானா' என்ற இனத்தை வளர்த்தெடுத்து 1984-ல் அங்கீகாரம் வாங்கினார்கள். நியாயமான வேலை. கொஞ்சம் முன்னாலேயே செய்திருக்கலாம்.

நீலம் வந்த வழி

அடிபட்ட இடம் கன்றிப்போய், சில நாளில் பச்சையாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். ரத்தச் சிவப்பு உடைந்து 'பிலிவெர்டின்' என்ற பொருள் உருவாவதால் வரும் நிறம் அது. நீல முட்டையின் நிறமும் அதே பிலிவெர்டின்தான்.

அது ஓட்டுக்குள் எப்படி வந்தது? 2013-ல் வெளியான ஆய்வுகள் பதிலைச் சொல்லின. எப்போதோ ஒரு வைரஸ், கோழியின் மரபணுத் தொகுதிக்குள் தன் துண்டு ஒன்றைச் செருகிவிட்டுப் போயிருக்கிறது. அது போய் உட்கார்ந்த இடம், எஸ்.எல்.சி.ஓ.1பி3 என்ற மரபணுவுக்குப் பக்கத்தில். பித்தநீர் உப்புகளைக் கடத்துவதற்காகக் கல்லீரலில் வேலை செய்யும் மரபணு அது. வைரஸ் துண்டு பக்கத்தில் வந்ததும், முட்டைக்கு ஓடு பூசும் சுரப்பியிலும் அது வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. அதனால் பிலிவெர்டின் ஓட்டில் சேர்கிறது.

இதில் இன்னும் பெரிய ஆச்சர்யம், சீனாவின் ஜியாங்ஷி மாகாணத்து டோங்ஷியாங் கோழியும் நீல முட்டை இடுகிறது. அங்கேயும் அதே வகை வைரஸ், அதே மரபணுவுக்குப் பக்கத்தில். ஆனால் செருகிய புள்ளி கொஞ்சம் தள்ளி இருக்கிறது. அதாவது, உலகின் இரண்டு மூலைகளில் இரண்டு தடவை தனித்தனியாக நடந்த விபத்து. அப்படிப் பிறந்த ஒரு நீல முட்டையைப் பார்த்துவிட்டு, அதை அடை வைத்தார்களே, அந்தக் கைகள்தான் மிச்சக் கதையை எழுதின.

பள்ளிப் புத்தகக் கட்டமும் கோழிக்கூண்டும்

பத்தாம் வகுப்பு அறிவியலில் மெண்டலின் பட்டாணிச் செடிக்கு அருகே நான்கு கட்டம் போட்டது நினைவிருக்கிறதா? அந்தப் 'புன்னட் கட்டம்' கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ரெஜினால்ட் புன்னட்டின் பெயரைத் தாங்கியது. செடி சேகரிக்கத் தென் அமெரிக்கா போன கிளாரன்ஸ் எலியட் என்பவர், செடிகளோடு நீல முட்டையிடும் கோழிகளையும் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். அவை புன்னட்டின் கைக்கு வந்தன. வெள்ளை முட்டைக் கோழி, பழுப்பு முட்டைக் கோழி என்று மாற்றி மாற்றிக் கலந்து பார்த்தார். நீலம் ஓங்கு பண்பு, பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும் என்று 1933-ல் எழுதினார்.

அவரோடு வேலை பார்த்த மைக்கேல் பீஸ் அந்த ரத்தத்தை வைத்து 'கிரீம் லெக்பார்' என்ற இனத்தை உருவாக்கினார். நீல முட்டையிடும், பொரித்த அன்றே குஞ்சின் முதுகுக் கோட்டைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம். 1958-ல் பிரிட்டனில் அங்கீகாரம் கிடைத்தது. இன்று அங்கே கடைகளில் அட்டைப்பெட்டியில் விற்கும் நீல முட்டைகளுக்குப் பின்னால் இந்த வம்சம் இருக்கிறது.

சாக்லேட் முட்டை ஊர்

நீலத்துக்கு ஜோடி சேர்க்க இன்னொரு நிறம் வேண்டுமே. அதற்கு பிரான்ஸின் மேற்குக் கரைக்குப் போக வேண்டும். லா ரொஷேல் துறைமுகத்துக்கு வடக்கே, சதுப்பு நிலமும் கால்வாய்களுமாகக் கிடக்கும் சிற்றூர் மரான். ஒரு காலத்தில் கப்பல்கள் ஆற்றுவழியாக உள்ளே வந்து நின்ற ஊர். மாலுமிகள் கப்பலில் சண்டைச்சேவல்களையும் கொண்டுவந்தார்கள். உணவுப் பண்டங்களுக்கு மாற்றாகக் கைமாறிய அந்தச் சேவல்கள் சதுப்புநிலத்துப் பெட்டைகளோடு கலந்தன. 1872-ல் சீனாவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த லாங்ஷான் கோழியின் ரத்தமும் பின்னால் சேர்ந்தது. 1931-ல் இனத்துக்கான இலக்கணம் எழுதியபோது, மரான் முட்டை சாக்லேட் நிறத்துக்கு வந்திருந்தது. ஜேம்ஸ் பாண்ட் காலை உணவுக்கு விரும்பிக் கேட்பதாக இயன் ஃபிளெமிங் எழுதியது இந்த மரான் கோழியின் முட்டையைத்தான்.

மரான் முட்டையின் நிறத்துக்கு மதிப்பெண் அட்டையே இருக்கிறது. வெள்ளை 1, கறுப்புக்குப் பக்கத்தில் போகும் பழுப்பு 9. நான்குக்குக் கீழே வந்தால் அது மரான் முட்டை என்று சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். பருவத்தின் முதல் முட்டைகள்தான் அடர்த்தியாக இருக்கும். இட்டுக்கொண்டே போகப் போக நிறம் வெளிறும்.

பழுப்பு, 'புரோட்டோபார்பிரின்' என்ற சாயம். நீலத்துக்கும் அதற்கும் அடிப்படை வித்தியாசம் ஒன்று உண்டு. நீலம் ஓடு முழுக்க ஊறியிருக்கும். உடைத்தால் உள்பக்கமும் நீலம். பழுப்பு பெரும்பாலும் கடைசி சில மணி நேரத்தில் மேலே பூசப்படும் பூச்சு; உள்பக்கம் வெளிறியிருக்கும். அப்போதுதான் இட்ட ஈரமான மரான் முட்டையைத் துணியால் துடைத்தால் நிறம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

இப்போது நீல முட்டையின்மேல் பழுப்புப் பூச்சு பூசினால் என்ன நிறம் வரும்? ஆலிவ் பச்சை. மரான் சேவலையும் நீல முட்டைப் பெட்டையையும் சேர்த்து உலகெங்கும் கோழிப் பிரியர்கள் செய்துகொண்டிருப்பது இதுதான். அந்த ஜோடியின் பெட்டைக்குஞ்சுகள் பச்சை முட்டை இடும். அந்தப் பெட்டைகளில் ஒன்றை மறுபடி மரான் சேவலோடு சேர்த்தால், ஏறத்தாழ பாதிக் குஞ்சுகள் இன்னும் அடர்ந்த ஆலிவ் முட்டை இடும். மீதிப் பாதிக்கு நீலம் கிடைக்காமல் வெறும் பழுப்போடு நின்றுவிடும்.

எது எந்தப் பாதி என்று குஞ்சைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் வேதனை. பெட்டை முதல் முட்டை இட ஐந்தாறு மாதம் ஆகும். அதுவரை தீனி போட்டுக் காத்திருக்க வேண்டும். சேவலின் கதை இன்னும் மோசம். அது முட்டையே இடாது. அதன் மகள்கள் வளர்ந்து முட்டை இட்டால்தான் அப்பனிடம் என்ன இருந்தது என்று தெரியும். மரபணுச் சோதனை வந்தபிறகு காசு கொடுத்துத் தெரிந்துகொள்கிறார்கள். அதற்கு முன்பு கொண்டையைப் பார்த்தார்கள். நீல ஓட்டின் மரபணுவும், தலையோடு தாழ்ந்து மூன்று வரிசையாக இருக்கும் பட்டாணிக் கொண்டையின் மரபணுவும் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்து வீடு. நீல வம்சத்தில் பட்டாணிக் கொண்டை இருந்தால், கலப்புக் குஞ்சுகளில் கொண்டை போகிற இடத்துக்கு நீலமும் பெரும்பாலும் கூடவே போகும். கிரீம் லெக்பாரில் இந்தத் தந்திரம் பலிக்காது. அதன் கொண்டை நிமிர்ந்த ஒற்றைக் கொண்டை.

நிறத்துக்காகப் பொரிக்க வைக்கும் குஞ்சுகளில் பாதி சேவல்கள் என்பதையும், வேண்டாத நிறத்தில் முட்டையிடும் பெட்டைகள் மிஞ்சும் என்பதையும் வண்ண முட்டைப் படங்கள் காட்டுவதில்லை. அவற்றை என்ன செய்வது என்று முடிவு பண்ணிவிட்டு அடை வைப்பதே நல்லது.

நிறம் மட்டும் போதுமா?

தெமுக்கோ சந்தையில் நீல முட்டைக்கு ஒரு மரியாதை உண்டு. பண்ணையில் இட்ட முட்டை வெள்ளை அல்லது பழுப்பு. நீலம் என்றால் கிராமத்து முட்டை, மேய்ந்த கோழியின் முட்டை என்பது வாங்குகிறவரின் நம்பிக்கை. நம்மூரில் பழுப்பு முட்டையைப் பார்த்ததும் 'நாட்டுக்கோழி முட்டை' என்று விலை கூடக் கொடுப்பது போல.

அந்த நம்பிக்கைக்கு ஆபத்து நிறத்திலேயே இருக்கிறது. ஓங்கு பண்பு என்பதால், எந்த முட்டைக்கோழிக்குள்ளும் நீலத்தை ஏற்றிவிடலாம். சீனாவில் ஏற்றுமளவுக்கு ஏற்றிவிட்டார்கள். நீல முட்டைக்கென்றே வணிகப் பண்ணைக் கோழிகள் இருக்கின்றன. கூண்டுக்குள் நின்றுகொண்டு நீல முட்டை இடுவது கோழிக்குக் கஷ்டமே இல்லை. அப்போது கூடையில் இருக்கும் நீலம், அந்தக் கோழி எங்கே வளர்ந்தது என்பதற்குச் சாட்சி சொல்லாது.

நிறத்தைப் போல எளிதாக எடுத்துப்போக முடியாத ஒன்று மாப்புச்சே கோழியிடம் மிச்சம் இருக்கிறது. பண்ணைக் கோழிகளிடம் அடை படுக்கும் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள். அடை படுக்கும் கோழி முட்டை இடாது, பண்ணைக்கு அது நஷ்டம். மின்சாரப் பொரிப்பான் இல்லாத வீட்டில் கணக்கு நேரெதிர். அடைக்கோழி இல்லையென்றால் அடுத்த வருஷம் கோழியே இல்லை. குஞ்சைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

தெமுக்கோவில் வசந்தம் செப்டம்பரில் பிறக்கும். மழை கொஞ்சம் விட்டு, பகல் நீள ஆரம்பித்ததும் பெட்டைகள் மூலையில் ஒதுங்கிக் கொக்கரிக்கும். விற்க வைத்திருந்த முட்டைகளிலிருந்து ஒரு டஜன் பிரித்தெடுத்து, வைக்கோல் பரப்பி, அடைக்கு வைப்பார்கள். நீலம், பச்சை, பழுப்பு எல்லாம் ஒரே கோழியின் வயிற்றுக்கடியில் போகும். 21 நாள். அந்த மூன்று வாரமும் சந்தைக்குப் போகும் கூடையில் ஒரு டஜன் குறைவாக இருக்கும்.